பெட்டியைக் கொடுத்துப் பையை வாங்கியவர்

செல்லசாமி மாஸ்டருக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பஸ்ஸில். அதுவும் நோர்வூட் தாண்டி, வளைவுக்கு வளைவு ஆள் மேல் ஆள் சாய்கிற இடத்தில். அவர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அவரோடு ஒரே தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற, பக்கத்துக் குவார்ட்டஸில் குடியிருக்கிற அழகுமுத்து மாஸ்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அது போகட்டும், முந்தி ஏறியவர் உட்காருவார். அழகுமுத்துவுக்குப் பக்கத்துச் சீட்டில் ஒரு கறுப்புப் பையும் உட்கார்ந்திருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கொண்டக்டர் வந்து பையைப் பார்த்தார். "லெப்டொப்பா சேர்?" என்றார். அழகுமுத்து கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"அப்ப இருக்கட்டும் சேர்," என்ற கொண்டக்டர், முட்டைக்கோவா மூட்டையோடு நின்ற, அதே தோட்டத்துக் காளியாயியைப் பின்னால் நகரச் சொன்னார்.

கண்ணை மூடித் திறக்கிற அந்த அலட்சியம் செல்லசாமிக்குப் புதிதல்ல. ஒன்பது வருடமாக அது அவருடையதாக இருந்தது.

தொண்ணூற்றொன்பதில், அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் முதன்முதலாக வீட்டில் கம்பியூட்டர் வைத்த மாஸ்டர் அவர்தான். ஹட்டன் பஜாரில் நூர்தீன் நானாவின் கடையில் நாலு சனிக்கிழமை பேரம் பேசி வாங்கியது. முதல் சனிக்கிழமை நூர்தீன் சொன்ன விலையைக் கேட்டு இவர் சிரித்துவிட்டு வந்தார். இரண்டாவது சனிக்கிழமை இவர் கேட்ட விலையைக் கேட்டு நூர்தீன் சிரித்தார். மூன்றாவது சனிக்கிழமை இருவரும் பிளேன்டீ குடித்தார்கள். கம்பியூட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. நாலாவது சனிக்கிழமை பெட்டி லொறியில் ஏறியது. சாமானின் அருமை தெரிந்த இரண்டு பேருக்குள் வியாபாரம் அப்படித்தான் நடக்கும்.

மொனிட்டரைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கரண்ட் குறைந்தால் திரை சுருங்கிக்கொள்ளும், மழைக் குளிரில் பெட்டி எழும்பக் கால் மணி நேரம் பிடிக்கும். எழும்பிவிட்டால் செல்லசாமியின் முன்னறைதான் அந்தத் தோட்டத்துக்கு அரசாங்கக் கச்சேரி, அலுவலகம் எல்லாம். அடையாள அட்டை விண்ணப்பம், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் பெயர்த் திருத்தம், சேமலாப நிதி வரவில்லையென்று முறைப்பாடு, எல்லாம் அங்கேதான் அடித்து, அச்செடுத்து, மடித்துக் கொடுக்கப்படும். கையால் எழுதின கடிதத்தை அரசாங்கக் கந்தோர்களில் பார்க்காமலே ஓரத்தில் போடுவார்கள். அச்சடித்த கடிதத்தைப் பார்த்துவிட்டு ஓரத்தில் போடுவார்கள். லயத்து வரிசை வீட்டுச் சனத்துக்கு அந்த மரியாதையே பெரிது. அதற்கு ஈடாக அவர்கள் அவருக்கு ஒரு பெயர் கொடுத்திருந்தார்கள்: கம்பியூட்டர் மாஸ்டர். கல்யாண வீட்டில் முன்வரிசைக் கதிரை, கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்கள் நின்று சொல்கிற வணக்கம், எல்லாம் அந்தப் பெயருக்கு வந்தவை.

அந்தப் பெயர்தான் இப்போது வேலி தாண்டிப் பக்கத்துக் குவார்ட்டஸுக்கு நடந்துகொண்டிருந்தது.

அழகுமுத்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனார். பையோடு சாவு வீட்டுக்குப் போனார். பையோடு மாரியம்மன் கோயிலைச் சுற்றினார். அதைத் திறந்து பார்த்தவர் அந்தத் தோட்டத்தில் ஒருவருமில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"பூசாரி அந்தப் பைக்கும் விபூதி பூசிவிட்டாருங்க," என்றாள் செல்லசாமியின் மனைவி நாகலெட்சுமி.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நாந்தான் பின்னாடி நின்னேனே. எனக்குப் பூச விபூதி தீந்துபோச்சு." அவள் முன்னறைப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். "நம்மள்ட்டயும் ஒண்ணு இருக்கு. கோயிலுக்குத் தூக்கிட்டுப் போகணும்னா தேர்லதான் ஏத்தணும்."

அன்றைக்குச் செல்லசாமி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். லெப்டொப் எப்படிக் கிடைத்ததென்று அழகுமுத்துவிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் கேட்டதாகிவிடும். அதனால் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஆணிக்குக் கீழே மடங்கிக் கிடந்த சுற்றறிக்கையைத் தானே கண்டுபிடித்து வாசித்தார்.

மலைநாட்டு ஆசிரியர் கருவி நவீனமயமாக்கல் சபை என்று ஒன்று ஹட்டனில் இருந்தது. மாடியில் இரண்டு அறை. பெயர்ப்பலகை இரண்டு அறைக்கும் அடங்காமல் பக்கத்துத் தையல் கடையின் யன்னலையும் மறைத்தது. அதன் பரிமாற்றத் திட்டப்படி, வீட்டில் பழைய கம்பியூட்டர் வைத்திருக்கிற ஆசிரியர் அதைச் சபைக்குக் கையளித்தால், சபை அவருக்கு ஒரு லெப்டொப், ஒரு பென் ட்ரைவ், இணையத்துக்கு ஒரு டொங்கிள் வழங்கும். விண்ணப்பம் தட்டச்சில், மூன்று பிரதிகள். அழகுமுத்துவும் எங்கேயோ ஒரு பழைய பெட்டியைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருப்பார் என்று செல்லசாமி கணக்குப் போட்டார்.

செயலாளர் இராசரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், மலையகத்துக்கு வந்து இருபத்தைந்து வருடம். அவர் மேசையில் ஒரு பெரிய கம்பியூட்டர் பொலித்தீன் உறையோடு இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு லெப்டொப், வந்த பெட்டி பிரிக்காமல். அதன் மேல் தேநீர்க் கோப்பை.

"இஞ்சை நாங்கள் காகிதமே பாவிக்கிறேல்லை மாஸ்டர்," என்றார் இராசரத்தினம். "எல்லாம் மின்னஞ்சல்."

பியூன் தாள் கோர்த்த கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "மின்னஞ்சல் வந்திருக்குங்க சேர்."

இராசரத்தினம் கோப்பிலிருந்த தாளை எடுத்து வாசித்து, பின்பக்கத்தில் பதிலை எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்திக் கொடுத்தார். பியூன் அதை அடுத்த அறைக்குக் கொண்டுபோனார்.

"முந்தி அடுத்த அறைக்கு ஒரு கடிதம் போக மூண்டு நாள் செல்லும்," என்றார் இராசரத்தினம். "இப்ப ஒரு நிமிஷம். அதை அச்செடுத்து, பதிஞ்சு, கையெழுத்து வாங்கத்தான் மூண்டு நாள்."

விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்தது பரிசோதனை. சபையின் விதிப்படி ஒரு பொருளைப் பொறுப்பெடுப்பதற்கு முன் மூன்று பேர் கூடிப் பார்த்து, இது இனிப் பாவனைக்கு உதவாது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்குக் கண்டம் பண்ணுவது என்று பெயர். கந்தோர்களில் பழைய மேசை, கதிரை, மண்வெட்டி எல்லாவற்றையும் அப்படித்தான் ஒழிப்பார்கள்.

ஒரு புதன்கிழமை இராசரத்தினமும் இரண்டு அங்கத்தவர்களும் வேனில் வந்திறங்கினார்கள். நாகலெட்சுமி சுட்டுவைத்த உளுந்து வடையை முதலில் பரிசோதித்தார்கள். பிறகு செல்லசாமி சுவிட்சைப் போட்டார். பெட்டி இரண்டு தரம் முனகி, எழும்பி, பாட்டுப் போட்டு, திரையில் நீல வானத்தைக் காட்டியது.

மூன்று பேரின் முகமும் செத்த வீட்டு முகமாகிவிட்டது.

"வேலை செய்யுதே மாஸ்டர்," என்றார் இராசரத்தினம்.

"ஆமாங்க. ஒன்பது வருசமா ஒரு கொறையும் இல்லீங்க."

"வேலை செய்யிற சாமானைக் கண்டம் பண்ணேலாது. பொதுச் சொத்து விரயம் எண்டு கணக்காய்வாளர் எழுதுவார்."

"இது என் சொத்துங்களே சேர்."

"கண்டம் பண்ணினாப் பிறகு எங்கடை. கண்டம் பண்ணுறதுக்கு அது உதவாததா இருக்கோணும்." மிச்ச வடையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அழகுமுத்து பையோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். செல்லசாமி அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது பரிசோதனைக்கு ஏழு வாரம் கழித்து வந்தார்கள். இந்தத் தடவை செல்லசாமி பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வயரைக் கழற்றி அரிசிப் பீப்பாவுக்குள் புதைத்திருந்தார். சுவிட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் முகத்தில் வருத்தம் காட்டினார். நல்ல வருத்தம், நாலு நாள் ஒத்திகை பார்த்தது.

"இது வேலை செய்யேல்லையே," என்றார் இராசரத்தினம். அதே செத்த வீட்டு முகம்.

"ஆமாங்க சேர். உதவாதுங்க. கண்டம் பண்ணிறலாம்."

"எப்பிடி மாஸ்டர்? திட்டத்தின்ரை பெயரே பரிமாற்றம். உதவாத சாமானைத் தந்து புதுசு கேட்டால் அது பரிமாற்றமோ? தாற பொருளுக்கு ஒரு பெறுமதி வேண்டாமோ?"

செல்லசாமி கடைத்தெருவில் எத்தனையோ பேரோடு பேரம் பேசியவர். பழசு என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள், புதுசு என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். ஒரே வாயால் இரண்டையும் சொல்லி இரண்டுக்கும் வாங்க மறுக்கிற வியாபாரியை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"சேர், ஒண்ணு கேக்கட்டுங்களா? இது வேல செய்யணுங்களா, செய்யக்கூடாதுங்களா?"

இராசரத்தினம் அவரைக் கனிவோடு பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்கவில்லை போலிருந்தது.

"அதைத் தீர்மானிக்கத்தான் சபை இருக்கு," என்றார்.

சபை மூன்று கூட்டம் கூடித் தீர்மானித்தது. பெட்டியை மொனிட்டர், கீபோர்ட், பிரிண்டர் சகிதம் ஹட்டனுக்குக் கொண்டுவர வேண்டும். பத்து மணிக்கு அது வேலை செய்கிறதென்று மூன்று பேர் கையெழுத்து வைப்பார்கள். பத்தேகாலுக்கு அது உதவாதென்று அதே மூன்று பேர் கையெழுத்து வைப்பார்கள்.

கம்பளியில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனார் செல்லசாமி. பத்து மணிக்குப் பெட்டி எழும்பியது. கையெழுத்தானது. எல்லாரும் கால் மணி நேரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பத்தேகாலுக்கு மறுபடி கையெழுத்தானது. பியூன் சிவப்புப் பெயின்றும் தூரிகையும் கொண்டுவந்து, மொனிட்டரின் நெற்றியில் 'கண்டம்' என்று எழுதினார். பெட்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சேர், கண்டம் பண்ணுன சாமான் இன்னும் ஓடுதுங்களே," என்றார் பியூன்.

"சட்டப்படி அது நிண்டிட்டுது," என்றார் இராசரத்தினம்.

"அது அதுக்குத் தெரியலீங்க போலருக்கு."

இராசரத்தினம் யோசித்தார். பேனாவை எடுத்து, பெட்டிக்கு ஒரு அறிவித்தல் எழுத ஆரம்பித்தார். இரண்டு வரி எழுதுவதற்குள் ஹட்டன் நகரத்தில் கரண்ட் போய்விட்டது. திரை இருண்டது. அவர் பேனாவை மூடி வைத்து அங்கத்தவர்களைப் பெருமையோடு பார்த்தார்.

"பாத்தியளே?"

லெப்டொப் வழங்கும் விழா இரண்டு மாதம் கழித்து நடந்தது. செல்லசாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இராசரத்தினம் பேசினார்.

"இந்தச் சபை தொடங்கி ஆறு வருஷம். நாற்பத்தொரு கூட்டம் நடத்தியிருக்கிறம். ஒண்டிலையாவது சிற்றுண்டி குறைஞ்சதெண்டு முறைப்பாடு வரேல்லை. இண்டைக்கு ஏழாவது லெப்டொப்பை வழங்குறம். ஆறு வருஷத்திலை ஏழுதானோ எண்டு சில பேர் கேக்கினம். எண்ணிக்கையைப் பாக்கக்கூடாது. ஒராளுக்குக் குடுத்தால், அதைப் பாத்து நூறு பேர் விண்ணப்பம் போடுகினம். ஏழு பேருக்கு எழுநூறு விண்ணப்பம். எல்லாருக்கும் குடுத்திட்டால் ஆர் விண்ணப்பம் போடுவினம்? விண்ணப்பம் இல்லாட்டில் சபை எதுக்கு?"

எல்லாரும் கைதட்டினார்கள். செல்லசாமியும் தட்டினார். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. கண் பையின் மேல் இருந்தது. அழகுமுத்துவின் பையைவிட இதில் ஒரு ஸிப் கூடுதல்.

பஸ்ஸை விட்டிறங்கி, நேர் வழியை விட்டுவிட்டு லயங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பத்து மாதமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று தேயிலைச் சரிவில் உருண்டு போனது.

வீட்டில் நாகலெட்சுமி விளக்கேற்றி வைத்திருந்தாள். பையைத் திறந்தார்கள். லெப்டொப்புக்கு மேல் ஒரு சிறு புத்தகம், 'பாவனை நிபந்தனைகள்' என்று. மடியில் வைத்துப் பாவிக்கக் கூடாது. தோட்ட மின்சாரத்தில், மின் அத்தியட்சகரின் சான்றிதழ் இல்லாமல் செருகக் கூடாது. தமிழ் எழுத்துரு உட்பட எதையும் தொழில்நுட்பக் குழுவின் அனுமதியின்றி ஏற்றக் கூடாது. தொழில்நுட்பக் குழு இன்னும் நியமிக்கப்படவில்லை என்று கீழே ஒரு குறிப்பு. பெற்றுக்கொண்டவர் வேறு கம்பியூட்டரோ பிரிண்டரோ வைத்திருக்கவும் கூடாது.

செல்லசாமி நிபந்தனைகளைத் தள்ளிவைத்துவிட்டு மூடியைத் திறந்தார். சபையின் இலச்சினை வந்தது. அதன் கீழ் ஒரு கட்டம், கடவுச்சொல் கேட்டது.

மறுநாள் தொலைபேசியில் இராசரத்தினம் பொறுமையாக விளக்கினார்.

"கடவுச்சொல் பத்திரமா இருக்கு மாஸ்டர். கடித உறையிலை போட்டு அரக்கு வைச்சு, பெட்டகத்திலை."

"எனக்குத் தந்தீங்கன்னா தெறந்துக்குவேங்க."

"உங்களுக்குத் தந்தால் பிறகு அதிலை என்ன பாதுகாப்பு? அதை விடுங்கோ. மாசக் கடைசியிலை பாவனை அறிக்கை வரோணும். 'கருவி திருப்தியா இயங்குது' எண்டு. தமிழிலை, தட்டச்சிலை, மூண்டு பிரதி. பிந்தினால் கருவியைத் திருப்பி எடுப்பம்."

தொலைபேசியை வைத்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார் செல்லசாமி. அழகுமுத்துவின் பை ஏன் ஒருநாளும் திறக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

மூன்றாம் நாள் காளியாயி வந்தாள். அவள் மகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் பிழை. திருத்தாவிட்டால் அடையாள அட்டை வராது, அட்டை இல்லாவிட்டால் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுத முடியாது.

"பொட்டி சின்னதாயிருச்சுன்னு சொன்னாங்க மாஸ்டர். கடுதாசி அதுலயும் வருமுங்களா?"

"வரும் வரும். அடுத்த கெழம வா."

அடுத்த கிழமை அதற்கு அடுத்த கிழமை வரச் சொன்னார். அதற்கு அடுத்த கிழமை அவள் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. வணக்கம் சொல்கிறவர்கள் பைக்குத்தான் சொன்னார்கள்.

சனிக்கிழமை அவர் ஹட்டனுக்குப் போய் நூர்தீன் நானாவின் கடைப் படியேறினார். கண்டம் பண்ணின சாமான்களைச் சபை ஏலம் விட்டதும், நூர்தீன் எடுத்ததும் பஜார் முழுக்கத் தெரிந்த செய்தி.

"எடுத்தன் மாஸ்டர்," என்றார் நூர்தீன். "குவியலாத்தான் தருவாங்களாம். ஒங்கட கம்பியூட்டரோட காலில்லாத கதிர ரெண்டு, கிழிஞ்ச குட ஒரு கட்டு. கடைக்குக் கொணந்து சுவிட்சப் போட்டன், சும்மா எழும்பிட்டு."

"எனக்கே குடுத்திருங்க நானா. யாருக்கும் தெரிய வேணாம்."

"அது போய்ட்டே. வேல செய்யிற சாமான் என்ட கடையில எத்தின நாளக்கி ஈக்கும்?" நூர்தீன் குரலைத் தாழ்த்தினார். "ஒங்க வேலிக்கு அங்கால ஈக்கிற மாஸ்டர்தான். அவர்ட லெப்டொப்ப வருசப் பரிசோதனைக்கெண்டு சபைக்காரன் எடுத்துட்டுப் போய் ரெண்டு மாசமாம். கையில ஒண்டும் இல்லாத ஆள், சட்டப்படி வாங்கலாம். வெலயச் சொன்னன், அந்த மனிசன் பேரமே பேசாம காச எடுத்துத் தந்துட்டார். எனக்கே பயமாப் போச்சு."

செல்லசாமி வெறுங்கையோடு பஸ் ஏறினார். பைக்கு மட்டும் சீட் கிடைத்தது.

மாதக் கடைசி வந்தது. அறிக்கை அடிக்க ஹட்டனில் கடைகள் இருந்தன. ஆனால் அன்றைக்கு மண் சரிந்து பாதை மூடியிருந்தது. அறிக்கை பிந்தினால் பை போய்விடும். பையும் போனால் செல்லசாமியிடம் என்ன இருக்கிறது? அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, வேலி இடுக்கால் நுழைந்தார்.

அழகுமுத்துவின் முன்னறையில் ஆறேழு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கதவோரத்தில் யாரோ நன்றிக்குக் கொண்டுவந்த ஒரு கூடை கரட் கிழங்கு. காளியாயி தன் கடிதத்தை, மை காயட்டும் என்று இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தாள். எதிரில், நெற்றியில் சிவப்புப் பெயின்றோடு, அவருடைய பெட்டி. கீபோர்டில் அவர் விரல் பட்டுத் தேய்ந்த எழுத்துகளில் அழகுமுத்துவின் விரல் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி மறுப்பே சொல்லாமல் அவருக்கும் எழுதிக் கொடுத்தது. ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்ததற்கு ஒரு தயக்கமாவது காட்டக்கூடாதா என்றிருந்தது செல்லசாமிக்கு.

"வாங்க மாஸ்டர். கொஞ்சம் ஒக்காருங்க, முன்னாடி வந்தவங்க இருக்காங்க," என்றார் அழகுமுத்து.

"கம்பியூட்டர் மாஸ்டர், இந்த ஊர்ப் பேரு சரியா விழுந்துருக்கான்னு பாருங்க," என்றாள் காளியாயி. செல்லசாமி கையை நீட்டினார். அவள் கடிதத்தை அழகுமுத்துவிடம் நீட்டினாள்.

செல்லசாமி பாயின் ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். முறை வர அரை மணி நேரம் ஆனது. அழகுமுத்து அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று தாள்களைச் செருகி, 'கருவி திருப்திகரமாக இயங்குகிறது' என்று தானே அடிக்க ஆரம்பித்தார். அவருக்கு அது மனப்பாடம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாஸ்டர்," என்றார் செல்லசாமி மெதுவாக.

"நீங்க கேக்கலீங்களே."

"கேட்டிருந்தா?"

அழகுமுத்துவின் விரல் நின்றது. நேர்மையாக யோசித்தார்.

"கேட்டிருந்தா பொய்தாங்க சொல்லியிருப்பேன்."

அந்நேரம் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு றமணன் வந்தான். பாடசாலைக்குப் புதிதாக வந்திருக்கிற விஞ்ஞான ஆசிரியன், யாழ்ப்பாணத்துப் பொடியன். அவன் அறையில் போன வருடம் வாங்கின கம்பியூட்டர் ஒன்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். மெழுகுவர்த்தி கேட்டு வந்தவன், கேட்க வந்ததை மறந்துபோய் செல்லசாமியின் மடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சேர், அது லெப்டொப்போ?"

செல்லசாமி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"சபையிலை தந்ததெண்டு சொல்லிச்சினம். என்னட்டையும் ஒரு பெட்டி கிடக்கு சேர். குடுக்கலாமோ எண்டு யோசிக்கிறன். எப்பிடி, நல்லதோ?"

அறையில் இரண்டு பேருக்கு மட்டும் பதில் தெரியும். ஒருவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவருக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அவர் றமணனின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். உதடு லேசாக உலர்ந்து, கண் பையின் ஸிப்பிலேயே நின்றது. அது என்ன எரிச்சல் என்று அவருக்குத் தெரியும். பத்து மாதம் அனுபவித்திருக்கிறார். அந்தப் பையை வாங்கின நாளிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் ஆதாயம் அதுதான்.

"நல்ல சாமான் தம்பி," என்றார் செல்லசாமி. "இன்னவரைக்கும் ஒரு பிழ காட்டுனதில்ல."

அழகுமுத்து பிரிண்டருக்குள் ஒரு புதுத் தாளைச் செருகினார்.

"விண்ணப்பத்த இங்கயே அடிச்சுக்கலாம் தம்பி," என்றார். "வரிசையில ஒக்காருங்க."

றமணன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பாயில் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தான்.